யார் உட்கார்ந்த பெஞ்ச்?

“இந்த பெஞ்ச மொதல்ல வெளிய தூக்கிகினு போ! நீ உள்ள வராத, அங்கியே நில்லு. வண்டிக்காரன் வந்து தூக்கட்டும்!”

ரேணுகாதேவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறியே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

வாசற்படியிலேயே நின்றாள் வனிதா. பழைய மரச் சாமான்களை வாங்கித் தேய்த்து, பாலிஷ் போட்டு, புதுசுபோல ஆக்கி விற்பவள். பெரணமல்லூரில் வீட்டை ஒட்டிய கொட்டகைதான் அவளுடைய பட்டறை. தன் வேலைக்கு மாதிரியாக அவள் போனில் போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “இந்தத் தேக்கு பெஞ்ச் எனக்குதான். வேற யாருக்கும் குடுத்துடாதம்மா கண்ணு” என்று கொஞ்சிக் கேட்டு வாங்கியது இதே ரேணுகாதேவிதான்.

வாங்கி நடுக்கூடத்தில் போட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டும் ஆயிற்று. மகள் நிலாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் இதில்தான் உட்காரவேண்டும் என்று ஏற்பாடு. பட்டு வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டு வனிதா தைத்திருந்த மெத்தையைத் தடவிப் பார்க்காத சொந்தக்காரர் இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாளே வந்து இறங்கிய நாத்தனார் ஆதிலட்சுமிதான் காதைக் கடித்தாள். “அண்ணி, அந்தப் பொண்ணு வீடு பெரணமல்லூர்ல எந்தத் தெருவுன்னு விசாரிச்சீங்களா?”

அவ்வளவுதான். காலையில் தேக்காக இருந்த மரம் மதியத்துக்குள் தீட்டாகிவிட்டது. உடனே வந்து எடுத்துப் போகும்படி வனிதாவுக்கு போன் பறந்தது.

“பெஞ்சுல எதுனா பழுதுங்களா?” என்று கேட்டாள் வனிதா. “கால் கீல் ஆடுச்சுன்னா சரி பண்ணிக் குடுக்கறேங்க.”

“பெஞ்சுல ஒரு பழுதும் இல்ல. நீ யாருன்னு சொல்லாம வித்த பாரு, அதான் பழுது! கண்டவங்க உக்காந்ததயெல்லாம் எங்க கூடத்துல கொண்டாந்து போட்டுட்டியே! எங்க கெடந்துச்சு இது?”

“எங்க வீட்லதாங்க. எங்கப்பா உக்காந்துகினு இருந்தது.”

“கேட்டியா ஆதி!” ரேணுகாதேவி தலையில் அடித்துக்கொண்டாள். “இவ அப்பன் உக்காந்ததுல என் சம்பந்தி உக்காரணுமாம்! இரு, ஆரணியில இருக்கற அத்தன லேடீஸ் குரூப்லயும் போடறேன். இனிமே எவளாவது உங்கிட்ட ஒரு முக்காலி வாங்கறாளா பாக்கலாம்.”

சொன்னால் செய்கிறவள்தான் ரேணுகாதேவி. ஒருத்தி வாங்கி நாலு பேரிடம் நல்லபடியாகச் சொன்னால்தான் வனிதாவுக்கு அடுத்த வியாபாரம். உப்புத்தாள் பிடித்துத் தேய்த்துத் தோலுரிந்துபோன கைக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

வனிதாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“என்னை இன்னா வேணா பேசுங்க. எங்கப்பாவப் பேசாதீங்க. அந்த மெத்தையக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க.”

“நான் தொடமாட்டேன்!”

ஆதிலட்சுமியால் சும்மா இருக்க முடியவில்லை. ஓடிப்போய் மெத்தையைத் தூக்கினாள்.

பலகையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு. எவ்வளவு தேய்த்தும் போகாததால்தான் வனிதா அதன்மேல் மெத்தை போட்டிருந்தாள்.

“ஐயையோ அண்ணி! கல்யாணமாகி வந்த புதுசுல பட்டுப்புடவைக்கு இஸ்திரி போடறேன்னு நீங்க சுட்டதாச்சே இது! அம்மாகூட உங்கள அந்தத் திட்டு திட்டினாங்களே! அப்புறம் பச்ச பெயிண்ட் அடிச்சு வாசல்ல போட்டிருந்தோமே, அந்த பெஞ்ச்!”

“அதேதாங்க” என்றாள் வனிதா. “எங்கப்பா குப்புராஜ் உங்க களத்துல மூட்ட தூக்கினவரு. ஒரு நாள் வெயில்ல மயக்கம் வந்து இதுல உக்காந்துட்டாரு. அன்னிக்கு சாயங்காலமே, ‘இத நீயே எடுத்துகினு போ’ன்னு குடுத்துட்டீங்க. நல்ல மனசோட குடுத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிகினு இருக்காரு மனுஷன். இன்னாத்துக்குக் குடுத்தீங்கன்னு எங்கம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீங்க போட்டோ பாத்துக் கேட்டப்பவே, தரமாட்டேன்னு எங்கப்பாகிட்ட சொன்னேன். அவருதான், ‘அவங்க வீட்டு சாமான், அவங்க வீட்டு நல்ல காரியத்துக்கே போவட்டும்’னாரு.”

ரேணுகாதேவி வெட்கப்பட்டுத் தலைகுனிவாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது உங்கள் தப்பு.

“அட, நம்ம வீட்டு பெஞ்சா!” வாயெல்லாம் பல்லானாள். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இருக்கட்டும் இருக்கட்டும். மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டா முடிஞ்சு போச்சு. நீ கெளம்பும்மா.”

வனிதா போனை எடுத்து நாலு தட்டு தட்டினாள். ரேணுகாதேவியின் போன் டிங்கென்றது.

“உங்க பணம் வந்துடுச்சு, பாத்துக்குங்க.”

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக நடுக்கூடத்துக்குள் நடந்தாள். “குணாண்ணா, அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க!” வண்டிக்காரர் ஓடிவந்தார்.

“ஏய், ஏய்! நாளைக்கு சம்பந்தி வராங்க. அதான் இருக்கட்டும்னு சொல்லிட்டேனே!”

பெஞ்சோடு படியைத் தாண்டிய பிறகுதான் வனிதா திரும்பிப் பார்த்தாள்.

“இது எங்கப்பா உக்காந்த பெஞ்சுங்க. கண்டவங்களயெல்லாம் இதுல உக்கார விடமாட்டோம்.”