காலி டிரம்கள்

துறைமுக மேஸ்திரிக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. அந்தச் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் பீரங்கியைப் பூட்டிவிட்டார்கள். கீழே சரக்கு அறை முழுக்கக் காலி எண்ணெய் டிரம்களை அடுக்கி முடித்தது அவருடைய ஆட்கள்தான்.

"சண்டைக்குப் போற கப்பல்ல வெறுங்காத்தை ஏத்தி அனுப்புறீங்களே மாமா!" என்று மேலிருந்து சிரித்தான் மருமகன். இஞ்சின் ஆள். கப்பலோடு சேர்த்து அவனையும் கடற்படை எடுத்துக்கொண்டது. வீட்டில் மகளுக்கு நிறைமாதம்.

"வாயைக் குறைச்சுக்கிட்டு, முழுசா வந்து சேருங்க மாப்பிள்ளை!"

கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல் துறைமுக வாயைத் தாண்டும்வரை மேஸ்திரி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடற்படை அதிகாரி அவர் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க பெரியவரே. அது மூழ்காது."

"குண்டு பட்டா ஓட்டை விழாதா ஐயா?"

"விழட்டுமே. தண்ணி உள்ளே வந்தாலும் அந்த டிரம்மெல்லாம் கப்பலைத் தூக்கிப் பிடிச்சுக்கும். மூடியை இறுக்கச் சொன்னது அதுக்குத்தான். ரகசியம், அப்போ சொல்ல முடியல."

மூடி இறுகிய காலி டிரம் ஒன்று வெயிலில் வெடித்து ஒருத்தன் கண்ணைப் பறித்ததிலிருந்து, மூடியைத் தளர்த்தாமல் மேஸ்திரியின் ஆட்கள் எதையும் அடுக்குவதில்லை. இறுக்கச் சொல்லியும், இன்றும் அப்படித்தான்.

"கூப்பிடுங்கய்யா! ஒயர்லெஸ்ல கூப்பிடுங்க, எல்லா மூடியும் லூசு!"

அதிகாரியின் முகம் வெளுத்தது. "வெளிய போன கப்பலைக் கூப்பிடக் கூடாது. எதிரி கேட்டுக்கிட்டு இருப்பான்."

மருமகனுக்கு அத்தனை மூடியையும் இறுக்கித் தர வேண்டிய கடன், மேஸ்திரியிடம் இன்னும் பாக்கி.