மின்னல் அழுத்திய விசை

இந்தச் சம்பவத்தை ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருமுறைகூட முழுசாக நம்பியதில்லை. எங்கே இடிக்கிறது என்றுதான் பிடிபடவில்லை.

சொல்வது என் மச்சான், மனைவியின் தம்பி. நேற்று மாலை மறுபடி ஆரம்பித்தான்.

"அத்தான், மின்னல் ஞாபகம் இருக்கா?"

"நீ மறக்க விட்டாத்தானே!"

இன்று அவன் ஒரு பெரிய கிடங்குக்கு மேலாளர். அப்போது அதே கிடங்கில் அடுக்குகளிலிருந்து பெட்டி எடுக்கிற ஆள். ஒவ்வொருவர் கையிலும் செங்கல் கனத்துக்கு ஒரு கைக்கணினி. திரைக்குக் கீழே பொடிப்பொடியாய் விசைகள். பெட்டிமேல் காட்டினால் 'பீப்' என்று ஓர் எண் ஏறும். ஒரு நாளைக்கு அறுநூறு ஏற வேண்டும். மூன்று நாள் குறைந்தால் வேலை போச்சு.

மின்னல் என்பது கூட வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு வைத்த பட்டப்பெயர். கை அவ்வளவு வேகம்.

"அடுக்குக்குப் பின்னால ஒதுங்குவா அத்தான். அக்கம்பக்கம் பார்ப்பா. கட்டை விரலால கண்ட்ரோல் விசையை ஒரு தட்டு. விட்டுட்டு 'யு'வை ஒரு தட்டு. அப்புறம் ஏதோ நம்பர். கண்ட்ரோலைத் தொடற உரிமை மேற்பார்வையாளருக்கு மட்டும்தான். நான் நேராப் போய்ச் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"வாயே திறக்கலையே! எதுக்கும்மா அழுத்தினேன்னு மூணு தடவை கேட்டாங்க. குனிஞ்ச தலை நிமிரலை. அன்னிக்கே அடையாள அட்டையை வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. மூணாம் நாளே என்னை மேசை வேலைக்கு மாத்திட்டாங்க."

"அரைச்ச மாவையே எத்தனை வருஷம்டா அரைப்பே?" என்றாள் என் மனைவி.

"இன்னிக்குக் காரணம் இருக்குக்கா. அவ மறுபடியும் வேலை கேட்டு எழுதியிருக்கா. அதுவும் என்கிட்டயே! இத்தனை வருஷமா எங்கேயும் நிலையா வேலை கிடைக்கலையாம். காலையில முதல் வேலையா 'முடியாது'ன்னு பதில் போடப் போறேன்."

என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை போனேன். திரும்பி வந்தேன். இத்தனை தடவையும் கேட்டுவிட்டு நானும்தானே அவனோடு சேர்ந்து சிரித்தேன்?

போன வாரம் எங்கள் அலுவலகத்திலும் அதே கைக்கணினியைக் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த பெண் கடைசியில் எச்சரித்தாள்: "கண்ட்ரோல், யு. இதை மட்டும் தெரியாமக்கூட தட்டிடாதீங்க சார். அதுக்கப்புறம் யாரோட நம்பரை அடிக்கிறீங்களோ, நீங்க எடுக்கிற பெட்டியெல்லாம் அவங்க பேர்ல ஏறிடும்."

மச்சான் எதிரில் வந்து நின்றேன்.

"அவ ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி எடுப்பா?"

"சாதாரணமாவே ஆயிரம். ஆனா அந்த மாசம் மட்டும் அறுநூத்திச் சொச்சம்தான். இத்தனை திருட்டுத்தனம் பண்ணியும்! கூத்தைப் பாருங்க."

"எந்த மாசம்?"

"அதான், என் கை பிசகியிருந்ததே."

"அடேய், நினைச்சாலே பதறுது," என்றாள் மனைவி. "தினம் காலையில நான்தானே கட்டுப் போட்டுவிட்டேன்!"

"அப்போ வேலை நிரந்தரம் ஆகலைக்கா. தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சேன். பக்கத்து வரிசை மின்னலுக்கு மட்டும் தெரியும். ஆனா ஒண்ணு அத்தான், கட்டோட ஒத்தைக் கையால ஒரு நாள்கூட அறுநூறுக்குக் கீழே போனதில்லை. என் பேரைப் பலகையில எழுதிப் போட்டாங்க!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது. மெதுவாகத்தான் கேட்டேன்.

"மச்சான், அவளை அனுப்பின மறுநாள் நீ எத்தனை பெட்டி எடுத்தே?"