ஏழாம் எண் வில்லை

செருப்புத் தொழிற்சாலையில் பசை ஒட்டுகிறவர்கள் எவ்வளவு ஆவியைச் சுவாசிக்கிறார்கள் என்று அளக்க வந்த பெண், போன வாரம் ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எண் போட்ட வில்லை ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, மறுநாள் முழுக்கக் காலரில் குத்தியிருக்கச் சொல்லியிருந்தாள். இன்று முடிவோடு வந்தவள், ஏழாம் எண்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மத்தவங்களுக்குப் பரவாயில்லைண்ணே. உங்களுக்கு மட்டும் நாலு மடங்கு. தலை சுத்துதா?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேனே!"

"விளையாடாதீங்க. இனிமே நீங்க பசைப் பக்கமே போகக் கூடாது."

வேலை போய்விடும் என்று புரிந்ததும் அவர் உண்மையைக் கக்கிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அளவு கூடினா கம்பெனியை மூடிடுவாங்கன்னு பயந்து, நான் அதைக் குத்திக்கவே இல்லை. வீட்டுல மாட்டிட்டு வந்துட்டேன்."

"வீட்டுல எங்க?"

"தொட்டில் கம்பியில."

"வீட்டுல யாராவது பசை வேலை பாக்கறாங்களா?"

"என் சம்சாரம்தான். இங்கேருந்து பசையும் தோலும் கொண்டுபோய்க் குடுப்பேன். தெருச் சத்தம் வராம கதவைச் சாத்திக்கிட்டு ஒட்டுவா. அவ ஒட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து குழந்தை அழறதே இல்லைம்மா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதுன்னு..."

பாதியில் நின்றுபோனவர், வாசலை நோக்கி ஓடத் தொடங்கினார்.