முகம் மாறாதவன்

மேஜையின் தலைப்பக்கத்தில் கோட்டைப் பிரபு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் மனைவி, இடப்பக்கம் தம்பி. எதிர்முனையில் மன்னரின் தூதர். அவர் முன்னால் தாள், பேனா, அரக்கு, முத்திரை.

பேசிக்கொண்டிருந்தவர் பிரபு மட்டும்தான்.

"என்னடா குள்ளா, என் அங்கியப் போட்டுக்கிட்டு வந்திருக்கே? தோள்பட்டை தொங்குது பாரு."

தம்பி பதில் சொல்லவில்லை. சொன்னால் தலை போய்விடும். அண்ணன் முந்தைய நாளே இறந்துவிட்டார்.

அந்தக் கோட்டையில் இறந்த பிரபுவை அடக்கம் செய்யுமுன் சபையில் உட்கார வைப்பார்கள். இறந்தவர் பேசுவார். ஆனால், அவர் சாவில் கை உள்ளவருக்கு மட்டுமே அது கேட்கும். தூதரின் வேலை முகங்களைப் பார்ப்பது. எந்த முகமாவது மாறினால் கோட்டை மன்னருக்குப் போகும். மாறிய முகம் தூக்குமேடைக்குப் போகும்.

தம்பி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எலிக்கென்று அண்ணி வாங்கி வைத்திருந்த விஷத்தை அண்ணனின் மருந்தில் கலந்தவன் அவன். அலமாரிச் சாவி பூட்டிலேயே தொங்கியது வசதியாகப் போயிற்று.

"வாரிசுன்னு யாரை எழுதட்டும்?" என்றார் தூதர்.

"தம்பியைத்தான். அவருக்கு அப்புறம் நான்," என்றாள் அண்ணி. "பிள்ளை இல்லாத வீடு. வேற யார் இருக்கா?"

"தாராளமா எழுதுங்க," என்றான் தம்பி. அண்ணி தன்னைவிடப் பத்து வயது மூத்தவள். எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

"மீசையில என்னடா வெள்ளையா?" என்றார் அண்ணன். "மருந்துப் பொடியா? துடைச்சுக்கோ."

தம்பியின் விரல் துடித்தது. மடியிலேயே அமுக்கிக்கொண்டான். அண்ணியின் பார்வை அவன் மீசையில் ஒரு கணம் நின்று விலகியது. நல்லவேளை, தூதர் மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்து குடிக்கறப்போ என் தலையத் தாங்கிப் பிடிச்சியே," குரல் தாழ்ந்தது. "தம்பிக்கு நம்ம மேல இவ்வளவு பாசமான்னு கண்ணு கலங்கிப் போச்சுடா எனக்கு."

தம்பியின் முகம் மாறப் பார்த்தது. கொட்டாவி விட்டு மறைத்தான்.

"கொட்டாவியா? எனக்கும் அப்படித்தாண்டா ஆரம்பிச்சுது."

தூதர் கடைசி வரியை எழுதிவிட்டு மூவரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "எத்தனையோ வீட்டுல உக்காந்து பார்த்துட்டேன். ஒருத்தராவது உளறிடுவாங்க. இங்க அந்தப் பேச்சே இல்ல."

அவர் அரக்கை உருக்கும்போது அண்ணி எழுந்து, ஒரு வெள்ளிக் கோப்பையில் திராட்சை மதுவை ஊற்றித் தம்பியின் முன்னால் வைத்தாள். "புதுப் பிரபுவுக்கு." தம்பி அதைக் கையில் எடுத்தான்.

"குடிக்காதே."

அண்ணனின் குரல் முதன்முறையாக நடுங்கியது. "குள்ளா, இது விளையாட்டில்ல. கீழ வச்சிடுடா."

தம்பிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கடைசி நேரத்தில் கோப்பையைக் கை நழுவ விட வைக்கப் பார்க்கிறார்! அவன் அதை அண்ணன் பக்கம் உயர்த்திக் காட்டிவிட்டு, ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் பேசவே இல்லை.

தூதர் முத்திரையை அழுத்தினார். கடிதத்தை வாசலில் காத்திருந்த குதிரைவீரனிடம் கொடுத்துவிட்டு, அவனோடு தானும் படியிறங்கினார். குளம்பொலி பாலத்தைக் கடந்து தேய்ந்து மறையும்வரை அண்ணி காத்திருந்தாள்.

பிறகு காலிக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம், தம்பி."