சண்டை இல்லாத கேள்வி

தயாரிப்பாளர் ஏழாவது கேள்வியின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டார்.

"சண்டையே இல்லையேம்மா இதுல."

ஆறு மணிக்கு இரண்டு வேட்பாளர்களின் நேரடி விவாதம். இப்போது நாலரை. அறிவியல் கேள்விக்கான தகவல்களைச் சரிபார்க்க என்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அழைத்திருந்தார்கள். இரு தரப்பும் முன்கூட்டியே அனுப்பிய பதில்கள் மேசையில் கிடந்தன.

கேள்வி இதுதான்: நகரத்தின் ஒரே குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தைத் தேர்தலுக்குப் பிறகு மூடுவீர்களா?

மூட மாட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்றவரும் அதையேதான்.

அந்தக் கூடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். மூடும் உத்தரவு தயார்; ஜெயிப்பவரின் கையெழுத்துதான் பாக்கி. ஊரறியச் சொன்ன வார்த்தையை, ஜெயித்து வருகிறவர் அவ்வளவு சுலபமாக விழுங்க முடியாது. எங்களுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா நல்லதுதானே சார்?" என்றேன்.

"நல்லதுதான். நல்லதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? போன கூட்டத்துல மைக் வயரைப் புடுங்கினது யாருன்னு கேட்டா, பத்து நிமிஷம் பிச்சிக்கிட்டுப் போகும்."

கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அவரும் அலுத்துப்போயிருந்தார்.

"யாராவது ஒருத்தர் மூடணும்னு சொல்லட்டும், முழுசா நாலு நிமிஷம் தரேன். அஞ்சு மணி வரைக்கும் பதிலை மாத்தலாம்."

வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அறிவியல் என்றதும் இரண்டு கட்சி அலுவலகங்களும் எங்கள் கூடத்தைத்தான் தேடி வந்தன. இரண்டு பதில்களையும் எழுதிக் கொடுத்தவள் நான். நேற்றுக் காலையில் ஒருவருக்கு, மாலையில் ஒருவருக்கு. வாக்கியங்களை முன்பின்னாக மாற்றியதோடு சரி. யார் வந்தாலும் கூடம் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இனி ஒருவரை மூடச் சொல்ல வைக்க வேண்டும். தோற்கப் போகிறவரை.

தனியாரிடம் விடலாம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். எழுதிக் கொடுப்பதை அப்படியே படிப்பவர்கள்தான்.

கைபேசியில் கடைசிக் கருத்துக் கணிப்பைத் திறந்தேன்.

வித்தியாசம் இரண்டு சதவீதம். பிழை வரம்பு மூன்று; யார் வேண்டுமானாலும் தோற்கலாம்.

பின்தங்கியிருந்தவரின் அலுவலகத்தை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.