கரண்டை நிறுத்தியவருக்குப் பொன்னாடை

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கரண்டை நிறுத்தலைன்னா இன்னைக்கு நாங்க இல்ல. இதை நீங்க வாங்கித்தான் ஆகணும்."

சொல்லிக்கொண்டே பொன்னாடையைப் பிரித்தாள் ஜெமி. லைன்மேன் பேச்சிமுத்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். முப்பது வருஷ சர்வீஸில் கரண்ட் போனதற்காக அவர் வாங்கிய வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. நன்றி சொல்லவென்று ஒருவர் வீடு தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

"கரண்டு குடுத்ததுக்கே இவுகளுக்கு ஒருத்தரும் ஒரு வாய்த் தண்ணி தந்ததில்ல. நிறுத்துனதுக்குப் பொன்னாடையா!" காபி தம்ளர்களோடு வந்த அவர் மனைவி வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வந்திருந்தது மூன்று பேர். பாடுகிற ஜெமி, டிரம்பெட் ஊதுகிற ஜெர்வின், உறுமி அடிக்கிற பாண்டிதுரை. நாட்டுப்புறப் பாட்டு, ஜாஸ், சோல், ஸ்கா எல்லாவற்றையும் கலந்துகட்டி வாசிக்கிற குழு என்று போன வாரம் பேப்பரில் படம் வந்ததிலிருந்து, ராஜபாளையம் வட்டாரத்தில் இவர்கள் பேச்சுத்தான். அடுத்த வாரம் மதுரையில் கச்சேரி.

"அதென்ன தாயி, ஸ்கா?"

"தாளம் விழுற எடத்துல விழாம நடுவுல வெட்டி வெட்டி வரும் அண்ணாச்சி. கேட்டா காலு சும்மா இருக்காது."

"ஆனா அன்னைக்கு இதெல்லாம் எங்க காதுக்கே எட்டல," என்றான் ஜெர்வின்.

அன்றைக்கு என்பது, போன வருஷம் சேத்தூர் சர்ச் அசன விருந்து. அவர்களுடைய முதல் மேடை.

"குழுவை ஆரம்பிச்சதே கௌதம்ராஜ்தான் அண்ணாச்சி. கீபோர்டும் அவன்தான். அதுலயே டிரம்ஸு வரும், வயலினு வரும், என்னென்னமோ வரும். அந்த இரைச்சல்ல என் டிரம்பெட் எனக்கே கேக்கல. கூட்டாளிகிட்ட அதை எப்பிடிச் சொல்ல? மூணு பாட்டுல பாதிக் கூட்டம் எந்திரிச்சுப் போயிருச்சு."

"நாலாவது பாட்டுக்கு முன்ன தண்ணி குடிக்க அவன் எறங்குனான். திரும்பி வாரதுக்குள்ள கரண்டு போச்சு," என்றாள் ஜெமி. "மைக் இல்லாம தொண்டை கிழியப் பாடுனேன். போன சனமெல்லாம் திரும்பி வந்து மேடையைச் சுத்தி உக்காந்துருச்சு. அன்னைக்குத்தான் எங்க சத்தம் எப்பிடி இருக்கும்னு எங்களுக்கே தெரிஞ்சுது."

"அந்த அரை மணி நேரமும் நான்ல வசவு வாங்குனேன்!" என்றார் பேச்சிமுத்து. டார்ச் லைட்டோடு போஸ்ட் அடியில் நின்று காதில் வாங்கிய வார்த்தைகள் ஒன்றுகூட அவருக்கு மறக்கவில்லை. "ஆமா, அந்தக் கௌதம் எங்க?"

ஜெமியின் முகம் வாடியது. "வெளிய வேன்ல இருக்கான். அன்னைக்கே கீபோர்டை மூடி வச்சுட்டான் அண்ணாச்சி. எம்புட்டோ கெஞ்சுனோம். 'வேன் ஓட்டுதேன், மத்த வேலையெல்லாம் பாத்துக்கிடுதேன்'னுட்டான். அன்னைக்கு நஷ்டப்பட்டது அவன் ஒருத்தன்தான். உங்க மேல இன்னும் கோவம் போல. உள்ள வாலேன்னா வர மாட்டேங்கான்."

பேச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். குனிந்து பொன்னாடையைத் தோளில் வாங்கிக்கொண்டார். வெள்ளைத்தாய் போனில் படம் எடுத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மரியாதைக்கு எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறார்! ஆனால் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளத்தான் மனசு ஒப்பவில்லை.

"செத்த நேரம் காபி குடிச்சுட்டு இருங்க, வாரேன்."

உள்ளே போய் டூல்ஸ் பையில் எதையோ துழாவி எடுத்துக்கொண்டு, தெருவில் நின்ற வேனுக்குப் போனார். அவரைப் பார்த்ததும் கௌதம்ராஜ் பதறி இறங்கினான்.

"அண்ணாச்சி, சொல்லிட்டீங்களா?"

"ஏலே, ஒன்னும் சொல்லல." தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். கையிலிருந்த பீங்கான் பியூஸ் கட்டையை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"மேடையோட பியூஸ் பொட்டியில இருந்து இதைப் புடுங்கிட்டு வந்து, 'அரை மணி நேரம் போடாதீங்க அண்ணாச்சி'ன்னு நீ கையெடுத்துக் கும்பிட்டப்ப, எந்தக் கிறுக்கன் தன் கச்சேரியைத் தானே கெடுப்பான்னு நெனச்சேன். அந்த மேடையில கரண்டுல ஓடுன வாத்தியம் உன் கீபோர்டு ஒன்னுதான்னு பொறவுதாம்ல வெளங்குச்சு!"