சைலன்சரில் அடைப்பு

ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து ஐநூறு ரூபாய். அந்தப் பணத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டோரத்தில் மண்டி போட்டுக் கிடந்தான் மொக்கைச்சாமி.

கடன் வாங்கியது அவன் இல்லை. அவன் வெறும் டிரைவர். வாங்கியது அவன் தெருவில் இருக்கிற பாண்டீஸ்வரி. ரெண்டு தறி போட வாங்கினாள். புருஷன் செத்துப் போனான், தறியும் போனது, கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. கடன் கொடுத்த சுந்தரபாண்டியன் அண்ணாச்சிதான் இப்போது மொக்கைச்சாமியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.

இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. போன ரெண்டு வாய்தாவுக்கும் மூட்டுவலி என்று அண்ணாச்சி போகவில்லை. இந்தத் தடவையும் கேஸ் போட்டவர் வராவிட்டால் தள்ளுபடிதான் என்று ஜட்ஜ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ராஜபாளையத்தைத் தாண்டியதுமே கார் இழுக்க மாட்டேன் என்றது. முக்கி முனகி, பின்னால் கருகருவென்று புகையைத் தள்ளி, ஒரு மில் வாசலில் நின்றே போனது.

"சைலன்சர்ல கரி அடைச்சிருக்கு அண்ணாச்சி. கழத்திச் சுத்தம் பண்ணணும்னு ஆறு மாசமாச் சொல்லுதேன்."

"நல்லா சொல்லு இப்ப!" அண்ணாச்சியின் மகன் விமல் பாய்ந்தான். "காரா வச்சிருக்க? வெறகடுப்பு மாதிரில்ல வச்சிருக்க! அப்பா சட்டையப் பாருய்யா. வீட்ட விட்டு எறங்கும்போதே கைப்பக்கம் பூரா கரி!"

அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டையில் வலது கை மடிப்பு கறுத்துக் கிடந்தது. காலையிலேயே வண்டியின் பின்பக்கத்தைத் துடைத்து வைத்திருக்க வேண்டும் என்று மொக்கைச்சாமி தன்னையே நொந்துகொண்டான்.

கம்பியை விட்டுக் குடைந்தான். கரி கட்டி கட்டியாக உதிர்ந்து அவன் மடியில் விழுந்தது. குழாயின் சூடு விரலைப் பொசுக்கியது. வாயில் எல்லாம் புகைக் கசப்பு.

"யோவ், உண்மையச் சொல்லு. அவ உன் தெருக்காரி. உன் பொண்டாட்டியும் அவளும் ஒரே பேண்டேஜ் கம்பெனியிலதான வேலை பாக்காங்க? வேணும்னேதான பண்ணுத?" என்றான் விமல்.

"எம் பிள்ளை மேல சத்தியமா இல்ல தம்பி!" என்றவன், வந்தது வரட்டும் என்று அண்ணாச்சி பக்கம் திரும்பினான். "ஆனாலும் பாவம் அண்ணாச்சி அவ. ரெண்டு பொட்டப் பிள்ளையள வச்சிக்கிட்டு... ஜெயிலுக்குப் போயிட்டா யாரு பாப்பா?"

"பாவம் பாத்து ஒருத்திக்கு விட்டா, நாளைக்கு வாங்குன அம்புட்டுப் பேரும் என் வாசல்ல வந்து நிப்பான். பொறவு நான் தொழிலு பண்ணவா, துண்ட விரிக்கவா? வேலையப் பாருலே."

மொக்கைச்சாமி மறுபடியும் கம்பியை எடுத்தான். கையைக் கொஞ்சம் மெதுவாக்கினால் போதும், பாண்டீஸ்வரி தப்பித்துவிடுவாள். கையும் மெதுவாகத்தான் போகப் பார்த்தது. ஆனால் வேலை போய்விடுமே என்ற பயம் விடவில்லை. முன்னைவிட வேகமாகக் குடைந்தான்.

"அப்பா, பஸ்ஸு வருது. ஏறிருவோம்."

"டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போயி கோர்ட்டு வாசல்ல எறங்கவா? அவ பாத்துச் சிரிக்கவா?" அண்ணாச்சி உறுமினார். "ஏலே மொக்கை, செத்த நேரந்தான் பாப்பேன். சரி பண்ணலைன்னா நாளையில இருந்து வராத."

பஸ் போனது. விமல் ஓர் ஆட்டோவை மறித்தான். அந்தக் குலுக்கலுக்குத் தன் முட்டி தாங்காது என்று அண்ணாச்சி அதையும் அனுப்பிவிட்டார்.

மொக்கைச்சாமி ஓடிப்போய் சாவியைத் திருகினான். வண்டி உறுமியது, இருமியது, அடங்கிவிட்டது. மறுபடியும் மண்டி போட்டான். வேர்வையும் கரியும் சேர்ந்து கண்ணில் இறங்கின.

அப்போதுதான் விமலின் போன் அடித்தது. வக்கீல். கேட்கக் கேட்க விமலின் முகம் சுண்டிப்போனது.

"கேஸைத் தள்ளிட்டாங்களாம்ப்பா. இனி அவகிட்ட இருந்து ஒத்த ரூவா பேராது."

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"மொதல்ல இவனுக்குக் கணக்க முடிச்சு அனுப்புங்க. நான் போயி அந்த வக்கீல நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்." விமல் அடுத்து வந்த பஸ்ஸில் தாவி ஏறினான்.

மொக்கைச்சாமிக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. வேலைதான் போய்விட்டது, அப்படி என்னதான் அடைத்திருக்கிறது பார்த்துவிடுவோம் என்று கம்பி நுனியைக் கொக்கி போல வளைத்து, வளைவு வரைக்கும் விட்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தான்.

வந்தது கரி இல்லை. துணி. இறுக்கிச் சுருட்டிய பேண்டேஜ் துணி. மேலே கருகியிருந்தது, பிரிக்கப் பிரிக்க உள்ளே வெள்ளை வெளேரென்று நீண்டுகொண்டே வந்தது.

பேண்டேஜ் நெய்கிற இந்த ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கிற துணிதான். ஆனால் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவளின் புருஷன் சொன்னால் யார் நம்புவார்கள்? மறைக்கவும் நேரமில்லை. அண்ணாச்சியின் செருப்பு அவன் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணாச்சி... சத்தியமா நான் வைக்கல அண்ணாச்சி!"

விமல் ஏறிய பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அண்ணாச்சி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்தார்.

"சத்தியமெல்லாம் பண்ணாதலே. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துரு. வச்சது நான்தான்."